தங்கபுஷ்பம் முகம் கழுவும் நேரம்

ஒரு ஊர் இருந்தது, ஊருக்கு மேற்கே மழைத்தண்ணீர் பரந்து நிற்கும் ஒரு தருவை இருந்தது, தருவையிலிருந்து ஓர் ஓடை இறங்கியது, ஓடை போய் விழுவதற்குக் கிழக்கே ஒரு கடல் இருந்தது, ஓடைக்கு வடபுறம் முருங்கைத் தோட்டங்களும் தென்புறம் உப்பளங்களும் இருந்தன, இத்தனைக்கும் நடுவில் உப்பைப் பாக்கெட்டில் அடைக்கிற கொட்டகையில் வேலை பார்க்கும் ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு முகம் இருந்தது. ஊரின் பெயர் தருவைக்கரை. அவள் பெயர் தங்கபுஷ்பம். இந்தக் கதை அந்த முகத்தைப் பற்றியது.

ஆனி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வீட்டு அடிபம்பில் சோப்புப் போட்டு முகம் கழுவினாள், அதே நேரத்தில் தருவை முழுக்க நுரை நின்றது. யாரோ மேல்ஊர்க்காரன் சாக்கு மூட்டையைக் கழுவியிருப்பான் என்று டீக்கடையில் சொன்னார்கள். புதன்கிழமை அவள் மஞ்சள் பூசினாள், தருவையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கொக்குகள் எல்லாம் முட்டி வரைக்கும் மஞ்சளாய் எழும்பிப் பறந்தன. வியாழக்கிழமை அவள் மூக்கின் இடதுபக்கத்தில் ஒரு பரு கிளம்பியது, ஓடைக்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு செம்மண் மேடு எழுந்து, விடியும்போது அதன் உச்சியில் நாலு வெள்ளாடுகள் நின்றுகொண்டிருந்தன. அவள் கொட்டகைக்குப் போகிற வழியில் அந்த மேட்டைப் பார்த்தாள், தன் மூக்கைத் தொட்டாள், மேட்டின் மேலிருந்த ஆடுகள் நாலும் தடுமாறி உட்கார்ந்தன. கூட வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வாய் பிளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. உப்பு வாரும் காலம், முருங்கைக்குப் பூ பிடிக்கும் காலம். ஊராட்சித் தலைவர் ஐகோர்ட்ராஜா அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். தங்கபுஷ்பம் வாக்காளர் அட்டைக்காக எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை அவள் அம்மையிடமிருந்து வாங்கி, டவுனுக்குப் போய் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, ஊராட்சி அலுவலகத்தின் வெள்ளைச் சுவரில் மாட்டிவைத்தார். பிறகு ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு, கையில் கறுப்பு மார்க்கரோடு ஸ்டூல் மேலே ஏறினார். நெற்றி, தருவை. மூக்கு, ஓடை. தாடை, கழிமுகம். இடது கன்னம் முருங்கைத் தோட்டம், வலது கன்னம் உப்பளம். வாய் இருக்கிற இடத்தில் சந்தை வந்தது, அதில் ஒருவருக்கும் ஆட்சேபனை இல்லை. மூக்கின் நுனியில் தலைவர் வீடே வந்தது. "சளி பிடிக்காமப் பாத்துக்கோ தாயி" என்றார் தலைவர், கூட்டம் சிரித்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், தருவை ஓடையாய் மாறுகிற இடத்தில், தங்கபுஷ்பத்தின் வீடு வந்தது.

படத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். 'முகம் கழுவும் நேரம்: காலை 6.30, மாலை 5.00. துணி காயப்போடுவோர் கவனிக்கவும்' என்று அதில் தினம் எழுதினார்கள்.

அப்புறம் ஊர் அந்த முகத்தோடு வாழப் பழகியது. எதிரில் வருகிறவரிடம் சாப்டாச்சா என்று கேட்ட ஊர், மூஞ்சி எப்படி இருக்கு என்று கேட்டது. கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள் ஜோசியரைப் பார்த்துவிட்டு நேரே தங்கபுஷ்பத்திடம் வந்து, "அன்னைக்கு மட்டும் வேர்க்காம இருந்துக்கிடுவியாம்மா?" என்று வெற்றிலைபாக்கு வைத்தார்கள். கொட்டகையில் உப்புத் தூசி படாத ஜன்னலோரத்தை அவளுக்கு ஒதுக்கினார்கள். ஒருமுறை அவள் அம்மை அன்னமணி ஏதோ கோபத்தில் அவளை வைய, அவள் அழ, இடது கன்னத்தின் வழியாக ஓடிய கண்ணீரில் தோட்டத்துப் பக்கம் மூன்று வயல் உப்புக் கரித்துப்போயிற்று. அன்று சாயங்காலமே வடக்குத் தெருப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள்.

"அன்னமணி, ஓம் மவளை வையணும்னா வேற நாள் பாத்து வையி. கத்தரி நாத்து இப்பந்தான் நட்டுருக்கு."

"எம்மவளை நான் வையதுக்கும் போர்டுல எழுதிப்போடணுமோ?" என்றாள் அன்னமணி.

"எழுதிப்போட்டா நல்லதுதான்" என்றார்கள் அவர்கள், நிஜமாகவே.

தங்கபுஷ்பம் யாரையும் கோபிக்கவில்லை. அவள் பயந்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது. கைக்கண்ணாடியை எடுத்து வெயிலில் வைத்துக் கிட்டப் பார்த்தால், கன்னத்துப் பூனைமுடிகள் வரிசை வரிசையாய் முருங்கை நிற்பதுபோல நின்றன. இன்னும் கிட்டப் போனால், ஒரு மயிர்த்துளையின் ஓரத்தில் யாரோ குனிந்து வாளியில் தண்ணீர் இறைப்பது தெரிந்தது, இறைப்பவளின் சேலை நிறம்கூடத் தெரிந்தது, அந்தச் சேலையை அவள் சந்தையில் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு முகத்தில் கை வைக்கக் கூசியது. கொசு கடித்தால்கூட அடிக்கமாட்டாள், மெல்ல ஊதிவிடுவாள், ஊரில் இதமாய் ஒரு காற்று அடிக்கும்.

ஆனாலும் முகம் கெட்டுக்கொண்டே போனது, ஊரும் கூடவே போனது. நெற்றியில் எண்ணெய் வடிந்தது, தருவை கோடையிலும் வற்றாமல் மேற்குத்தெரு வீடுகளின் அடுப்புவரை வந்து நின்றது. கன்னம் இழுத்துப் பிடித்துச் செதில் செதிலாய் உரிந்தது, ஓடைக்கு வடக்கே பத்தடி தள்ளி முருங்கைத் தோட்டத்து மண் வெடித்து, வெடிப்புக்குள் ஒரு கோழி விழுந்தால் தேடி எடுக்க ஏணி வேண்டியிருந்தது. ஒரே ஊரில் ஒரு பக்கம் படகு கேட்டார்கள், ஒரு பக்கம் லாரித் தண்ணீர் கேட்டார்கள். அவரவர் வைத்தியத்தை அவரவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்குத்தெரு எண்ணெயை முறிக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தது, தோட்டக்காரர்கள் பாலாடை கொண்டுவந்தார்கள், உப்பளத்துக்காரர்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை, ஈரம் ஒன்றும் போடாதே தாயி, பாத்தி கட்டியிருக்கோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் யார் மனசும் நோகாமல் எல்லாவற்றையும் முகம் முழுக்கப் பூசினாள். எலுமிச்சம்பழம் பட்டதும் தோட்டம் எரிந்தது, பாலாடை பட்டதும் தருவை இன்னும் இரண்டடி ஏறியது. இரண்டு பக்கமும் தோற்றுப்போய், இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் வடக்கே மரம் இருக்காது, மேற்கே வீடு இருக்காது என்று தெரிந்தபிறகுதான், டவுனில் ஒற்றை நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிற ஜெசிந்தாவை அழைத்துவந்தார்கள்.

ஜெசிந்தா பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கைப்பையை அலுவலகத் திண்டில் வைத்தாள், சுவரில் இருந்த படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கபுஷ்பத்தின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பினாள். மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்து நெற்றியில் ஒற்றினாள், மேற்குத்தெருவில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியதாய் அப்போதே ஆள் ஓடிவந்து சொன்னான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்புப் போடுத?"

"போர்டுல ரெண்டுதான் போட்டுருக்கு. எண்ணெயா வடியுதுல்லா, நாலு தடவை போடுதேன்க்கா."

"அதான். நீ தேய்க்கத் தேய்க்கத் தோலு பயந்துபோய், எல்லாத்தையும் உருவுதாளேன்னு இன்னும் கூட எண்ணெயை விடுது. இது காம்பினேஷன் ஸ்கின்னு. நடுவுல வடியும், ரெண்டு பக்கமும் வறளும். ஒரே மருந்தை முழு மூஞ்சிக்கும் போட்டா உருப்படாது. அந்தந்த எடத்துக்கு அதது."

"தருவை பயந்துபோயா இருக்கு?" என்றார் தலைவர். அவர் அறுபது வருஷமாய் அந்தத் தருவையில் குளிக்கிறவர். மேற்கே திரும்பிப் பார்த்தார்.

ஜெசிந்தா விரல்விட்டுச் சொன்னாள், தலைவர் கரும்பலகையில் எழுதினார். சோப்பு இனிமேல் கிடையாது, நுரை அதிகம் வராத மென்மையான திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம், தேய்க்காமல் விரல் நுனியால் மட்டும். துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் கன்னத்துக்குக் கெட்டியான கிரீம், நெற்றிக்கும் மூக்குக்கும் தண்ணீர்ப்பதமான ஜெல். உப்பளத்துக் கன்னத்துக்குக் கிரீம் பாதி அளவு போதும் என்று உப்பளத்துக்காரர்கள் பேரம் பேசி வாங்கினார்கள். வாரத்தில் ஒருநாள் முல்தானி மட்டி என்கிற களிமண் பூச்சு, நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும். கடைசியாய், வெயிலுக்கு சன்ஸ்கிரீன்.

"எல்லாத்தையும் ஒரேநாள்ல ஆரம்பிக்கக்கூடாது. ஒண்ணு, அது ஒத்துக்கிட்டா அடுத்தது. எதையும் நேரா மூஞ்சியில வைக்கவும் கூடாது. காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சு ரெண்டு நாள் பார்க்கணும். எரிஞ்சா, தடிச்சா, விட்டுரணும்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தலைவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் காது இருந்தது, காதோடு படம் முடிந்தது, அதற்கப்பால் வெறும் சுவர்.

"காதுக்குப் பின்னால யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. தாராளமா வைங்க" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. இடது காதுக்குப் பின்னால் முதல் பொட்டு வைத்தார்கள், இரண்டு நாள் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு அவள் அந்தத் திரவத்தைக் கையில் குழைத்து முகத்தில் தடவியபோது ஊரின்மேல் வெள்ளை மூடுபனி ஒன்று இறங்கி, தெருத்தெருவாய் மெல்லச் சுழன்று, வெதுவெதுப்பான தூறலோடு கழன்று போனது. மாடுகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. வாசலில் நின்றிருந்த பெண்கள், காரணம் தெரியாமலே, கைகூப்பினார்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு பொருள். கிரீம் வந்த வாரத்திலிருந்து தோட்டத்தில் விடியற்காலைப் பனி விழுந்தது, வெடிப்புகள் உதடு மூடுகிறமாதிரி மூடின, முருங்கை ஒரேநாளில் பூத்து ஊர் முழுக்க வெண்ணெய் வாசம் அடித்தது. முல்தானி மட்டி போட்ட வெள்ளிக்கிழமை தருவையின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் வந்து படுத்தது, காயக் காயச் சுருங்கி, கழுவியதும் கலைந்தது, பார்த்தால் தருவை தன் பழைய கரைக்குள் போய் ஒடுங்கிக் கண்ணாடிபோலக் கிடந்தது. மேற்குத்தெருவில் அடுப்புகள் மறுபடி வெளியே தெரிந்தன. அளத்தில் உப்பு ஒவ்வொரு கல்லும் மல்லிகை மொட்டுப் பருமனில் விளைந்தது. அறுபது வயதுக்காரர்கள் சாயங்காலம் கரையில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தங்கபுஷ்பமும் கண்ணாடியில் பார்த்தாள். நெற்றி எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் அடங்கியிருந்தது, கன்னத்தில் சிரித்தால் வலிக்கவில்லை. சிரித்துப் பார்த்தாள். சந்தைப்பக்கம் எல்லோருக்கும் கால் லேசாய் ஆடியது.

சில பொருள்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாசனைக் கிரீம் ஒன்று காதுக்குப் பின்னால் அரித்தது. துளை அடைப்பை எடுக்கும் அமிலத் தண்ணீர் ஒன்று எரித்தது, அங்கே தோல் உரிந்து பொருக்கு கட்டியது. "லேசா எரியுதுக்கா" என்றாள் தங்கபுஷ்பம். ஜெசிந்தா நோட்டில் 'ஆகாது' என்று எழுதிக்கொண்டாள், ஊர் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டது.

ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை, முற்பகல். சன்ஸ்கிரீனுக்குப் பொட்டு வைக்கிற நாள். இது ஒத்துக்கொண்டால் வெயிலைப் பற்றி இனி கவலையில்லை என்பதால் ஊரே அலுவலக முற்றத்தில் கூடியிருந்தது. ஜெசிந்தா மூடியைத் திறந்து விரலில் எடுக்கும்போது, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் பொறு தாயி."

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். அவள் முன்னால் வர, ஜனங்கள் விலகினார்கள், அவள் கேட்டதற்காக இல்லை, அவள் கைகளைப் பார்த்து. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் தோல் உரிந்து, ரோஜா நிறத்தில் சதை தெரிந்து, ஓரத்தில் வெள்ளையாய்ப் பொருக்கு கட்டியிருந்தது.

"எம் பேரு மாடத்தி. காளவாசல்லருந்து வாரேன். தோட்டத்துக்கு அந்தாண்ட, பனை வரிசைக்குப் பொறத்தால, சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கோம்லா, அங்கன."

"அங்கன ஆளு இருக்கா?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

தங்கபுஷ்பத்தின் கை தானாகவே இடது காதுக்குப் பின்னால் போனது. பொருக்கு விரலில் தட்டியது. கையை எடுத்துவிட்டாள்.

"சண்டைக்கு வரல" என்றாள் மாடத்தி. "மொத வாரம் நுரையா விழுந்துச்சு, சரி போகட்டும்னு இருந்தோம். அப்புறம் ஒரு வாசனை வந்துச்சு பாருங்க, ஆடு ஒண்ணும் திங்கமாட்டேன்னுட்டு, நாங்களும் சொறிஞ்சு சொறிஞ்சு செத்தோம். மண்ணு விழுந்த வாரம் அது காயக் காயக் கூரையெல்லாம் இழுத்துப் பிடிச்சு முறிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு மழை. மழைன்னுதான் கையை நீட்டுனேன். சுண்ணாம்புல முப்பது வருசம் கெடந்த கை, அதுக்கே தோலு உரிஞ்சிட்டு. எதுக்கு வந்தேன்னா, என்னைக்கு எது விழும்னு அந்தப் போர்டுல ஒரு வரி எழுதிப்போட்டுட்டிய்யன்னா, பானையைக் கவுத்து வச்சுக்கிடுவோம். ஆட்டை உள்ள கட்டிக்கிடுவோம். அதுபோதும்."

தலைவர் சுவர்ப்பக்கம் போனார். படத்தின் ஓரத்தைத் தடவினார், காதோடு முடிகிற ஓரத்தை.

"ஸ்டூடியோக்காரன் இம்புட்டுத்தான எடுத்துருக்கான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"அந்தப் படத்தை மாட்டியிருக்கியள்லா அண்ணாச்சி, அந்தச் சுவத்துக்கு அடிச்ச வெள்ளை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் மாடத்தி. குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் வருமா என்று பார்க்கிறவள்போலக் கேட்டாள்.

தலைவர் கையைச் சுவரிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. "சரி, இனிமே இந்தக் காது வேண்டாம். வலது காதுக்குப் பின்னால வைப்போம்" என்றார்.

"அங்கன யாரு இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வந்தாச்சாவே?" என்று ஓர் உப்பளத்துக் கிழவர் கேட்டார். அளத்துக்கு அப்பால், உடைமரக் காட்டுக்கும் பின்னால், எவரும் போய்ப் பார்த்ததில்லை.

"அப்ப எங்கதான் வைக்க? சோதிக்காம மூஞ்சியில போடமுடியாது. போட்டுத் தடிச்சா ஊரு தாங்காது" என்றாள் ஜெசிந்தா. விரல் நுனியில் வெள்ளைப் பொட்டு உலர்ந்துகொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் எழுந்தாள். இத்தனை மாதத்தில் அவளிடம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், வேர்க்காமல் இரு, அழாமல் இரு, தும்மாமல் இரு என்று. அவள் எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஜெசிந்தாவின் விரலிலிருந்து அந்தப் பொட்டைத் தன் விரலில் வாங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டு மேல."

"ஏட்டி!" என்று கத்தினாள் அன்னமணி. "கூரையை இப்பந்தான மாத்துனோம்! அடுப்புல உலை கெடக்கு!"

"உலை கெடக்கட்டும். அங்கன இருக்கது நாம ரெண்டு பேருந்தான்ம்மா. ரெண்டு பேரும் இங்கனதான நிக்கோம்."

இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்தாள். ஊர் மேற்கே திரும்பியது. தருவையின் கரையில், ஓடை தொடங்குகிற இடத்தில், தனியாய் நின்ற அந்தச் சின்ன வீட்டின்மேல் வெயில் வெள்ளையாய்ப் பால்போல மங்கியது, மங்கி அப்படியே நின்றது, வீட்டைச் சுற்றிக் கோடு கிழித்ததுபோல ஒரு குளிர்ந்த நிழல் விழுந்தது, கூரையில் இருந்த காக்கைகள் இறக்கையை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டன. அன்னமணி நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். கூரை இழுக்கவில்லை, எதுவும் எரியவில்லை. "எரியுதாட்டி?" என்று அம்மை கேட்டாள். "இல்லம்மா. குளுகுளுன்னு இருக்கு" என்றாள் மகள். முற்றத்தில் பெருமூச்சு ஒரு காற்றைப்போலக் கிளம்பியது.

"சரி, ரெண்டு நாள் பாப்போம்" என்ற ஜெசிந்தா, கைப்பையைத் திறந்துகொண்டே மாடத்தி பக்கம் திரும்பினாள். "அக்கா, ஓம் எடத்துப் புண்ணு ஆறுறதுக்கு நல்ல களிம்பு ஒண்ணு இருக்கு. ஒரு பொட்டு வச்சா…"

மாடத்தி ஓரடி பின்னால் போனாள்.

"வேண்டாம் தாயி. ஒண்ணும் பூச வேண்டாம். கழுவிவிட்டா போதும்."

"எதை வச்சு?"

"தண்ணியை வச்சுத்தான். வெறுந்தண்ணி. ஒரு வருசமா எங்களுக்கு மழையே இல்ல."

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் சோப்பு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் என்று, இந்த ஒரு வருஷமும் எவ்வளவு கவனமாய் அவள் முகம் கழுவியிருக்கிறாள். நெற்றிக்குக் கழுவினாள், மூக்குக்குக் கழுவினாள், கன்னத்துக்கு விரல் நுனியால் கழுவினாள். காதுக்குப் பின்னால் யார் கழுவுகிறார்கள்?

அவள் ஓடிப்போய்க் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்தாள். மாடத்தியின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் முன்னால் மண்ணில் முழங்கால் போட்டு, கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை வலப்புறம் சாய்த்தாள்.

மாடத்தி அந்தக் காதுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உரிந்த கையில் தண்ணீரை ஏந்தி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, மெல்ல மெல்ல ஊற்றினாள்.

வடக்கே, பனை வரிசைக்குப் பின்னால், மழை இறங்கியது. மூடுபனி இல்லை, நுரை இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை, வெறும் மழை, வானத்துக்கும் பனைமட்டைக்கும் நடுவே நெய்து தொங்கவிட்டதுபோல நேர்கோடாய் நின்ற மழை. அதன் சத்தம் வந்து சேர்வதற்கு முன்னால் வேறொரு சத்தம் வந்தது. ஆள்கள் கூவுகிற சத்தம். பெண்கள் குரல், ஆண்கள் குரல், ஒரு கைக்குழந்தையின் வீறல், பாத்திரங்களை இழுத்து வெளியே வைக்கிற சத்தம், ஒரு கிழவி யாரையோ பெயர் சொல்லித் திட்டுகிற சத்தம், திட்டிக்கொண்டே சிரிக்கிற சத்தம். இத்தனை வருஷம் அதே ஊரில் இருந்தும் தருவைக்கரைக்காரர்கள் அந்தக் குரல்களைக் கேட்டதில்லை. தோட்டத்துக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள், மேற்குத்தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு குரல் முடிந்து இன்னொரு குரல் வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அன்னமணி உதட்டை அசைத்து அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள், முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

செம்பு காலியானது. இன்னொரு செம்பு வந்தது, தலைவரே மொண்டுவந்திருந்தார்.

"எத்தனை வீடு?" என்று கேட்டார் அவர்.

"பதினொண்ணு அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஒவ்வொருவராய்க் கிளம்பினார்கள். உப்பளத்துக்காரர்கள் பாத்தி பார்க்கணும் என்று போனார்கள், மேற்குத்தெருப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள், ஜெசிந்தா நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் மூடிவைத்துவிட்டு பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நடந்தாள், அன்னமணி உலையை நினைத்துக்கொண்டு ஓடினாள், தலைவர் இரண்டுதரம் வடக்கே திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டினார். முற்றத்தில் இரண்டே பெண்கள் மிஞ்சினார்கள்.

"போதும் தாயி, எந்திரி. கழுத்து வலிக்கும்" என்றாள் மாடத்தி.

"நீங்க போங்கக்கா. நான் துடைக்கல. நீங்க போய்ச் சேருறவரைக்கும் இப்படியே சாய்ச்சுப் பிடிச்சுக்கிடுதேன். மழை நின்னுறக்கூடாதுல்லா."

மாடத்தி செம்பைக் கவிழ்த்து வைத்தாள். தங்கபுஷ்பத்தின் தலையை ஒருதரம் தொட்டாள். தொட்டபோது வடக்கே பனைகள் எல்லாம் ஒருசேரத் தாழ்ந்து நிமிர்ந்தன. சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோட்டத்து வரப்பில் ஏறி, அவசரமில்லாமல் நடந்தாள். தங்கபுஷ்பம் சாய்ந்த தலையோடு, ஒருக்களித்த கண்ணோடு, அவள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். பனை வரிசைக்கு வந்ததும் மாடத்தி நின்றாள். அவள் பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மண் நனைந்து கறுத்திருந்தது. இரண்டு கைகளையும் முதலில் நீட்டினாள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், பிறகு மழைக்குள் நடந்து போனாள்.